பச்சை உடம்பின் சூடு

பெங்களூரின் வானிலையைப் புகழாத தமிழரைப் பார்ப்பது அரிது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், ஏப்ரலில்கூடச் சாயங்காலம் காற்று சில்லென்று வீசுகிறது என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் இன்று காலையில் பிறந்த ஒரு குழந்தைக்கு, நாம் இதமாக இருக்கிறது என்று சொல்லும் 24 டிகிரி அறையே குளிர்தான்.

வயிற்றுக்குள் இருந்தவரை அதற்குச் சூட்டைப் பற்றிய கவலையே இல்லை. கருவின் வெப்பம் தாயின் உடல்சூட்டைவிடச் சுமார் அரை டிகிரி கூடுதலாகவே இருக்கும். மிஞ்சிய சூட்டை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தம் வாங்கிக்கொள்ளும். பிறந்த நொடியில் அந்த ஏற்பாடு அறுந்துபோகிறது. நனைந்த உடம்போடு குழந்தை காற்றுக்கு வருகிறது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் தோலில் 10 மில்லி பனிக்குட நீர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தேக்கரண்டி அளவுதான். அந்த நீர் முழுவதும் குழந்தையின் சூட்டை மட்டுமே எடுத்துக்கொண்டு உலர்ந்தால், அதன் உடல் வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். அதே நீரைத் துணியால் ஒற்றி எடுத்தால் நீர் துணியோடு போகும், சூடு குழந்தையிடமே தங்கும். பிரசவ அறையில் செவிலி முதல் வேலையாகக் குழந்தையைத் துடைப்பதும், நனைந்த துணியை அந்தக் கணமே அப்புறப்படுத்திவிட்டு உலர்ந்த துணியை எடுப்பதும் இதற்காகத்தான். பார்ப்பவர்களுக்கு அது சுத்தம் செய்வதாகத் தெரியும். உண்மையில் அது குழந்தைக்குக் கிடைக்கும் முதல் சிகிச்சை.

ஆவியாதல் ஒரு வழி. தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி இன்னொரு வழி. எடை பார்க்கும் தராசின் குளிர்ந்த தட்டு மூன்றாவது. நான்காவது வழி கண்ணுக்கே தெரியாது: குழந்தையின் உடம்பு பக்கத்திலுள்ள குளிர்ந்த சுவரை நோக்கி வெப்பத்தைக் கதிராக வீசிக்கொண்டே இருக்கும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு நம்முடையதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. அதில் தலை ஒரு பெரும் பங்கு. கவனிக்காமல் விட்ட குழந்தையின் உள்வெப்பம் நிமிடத்துக்கு 0.1 டிகிரி, தோலின் வெப்பம் 0.3 டிகிரி என்ற வேகத்தில் குறையலாம். 'கொஞ்ச நேரம்தானே' என்று வெறும் உடம்போடு கிடத்தி வைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் எவ்வளவோ போய்விடும்.

குளிர்ந்தால் நாம் நடுங்குகிறோம். தசை நடுங்கி வெப்பம் உண்டாக்குகிறது. பச்சிளம் குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாக அதன் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவிலும், கழுத்திலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்றொரு சேமிப்பு உண்டு. உடல் எடையில் சுமார் 2 முதல் 6 சதவீதம். சாதாரணக் கொழுப்பு ஆற்றலைச் சேமித்து வைக்கும். இந்தக் கொழுப்பு எரிந்து சூட்டை மட்டும் தருவதற்கென்றே இருக்கிறது. இதன் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் தெர்மோஜெனின் என்ற புரதம், ஆற்றலை வேறு வேலைக்குத் திருப்பாமல் நேரடியாக வெப்பமாக வெளியேவிடுகிறது. அதற்கு விலை உண்டு. ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையும் செலவாகும். மாதம் நிறைந்து பிறந்த குழந்தை இந்தச் செலவைக் கொஞ்ச நேரம் தாங்கும். குறைமாதக் குழந்தையிடம் இந்தச் சேமிப்பு மிகக் குறைவு, ஏனென்றால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் அது பெரும்பாலும் சேர்கிறது.

அடுத்து நடப்பது ஒரு சங்கிலி. குளிர்ந்த குழந்தைக்குச் சர்க்கரை குறைகிறது. சர்க்கரை குறைந்த குழந்தை சோர்ந்து தூங்குகிறது, பால் உறிஞ்சுவதில்லை. பால் போகாததால் சர்க்கரை இன்னும் இறங்குகிறது, உடம்பு இன்னும் குளிர்கிறது. இரத்தம் அமிலத்தன்மை அடைந்து, நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, மூச்சு திணறுகிறது. இத்தனையும் நடக்கும்போது குழந்தை பெரும்பாலும் அழுவதில்லை. அமைதியாகப் படுத்திருக்கும். 'தங்கமான புள்ள, தொந்தரவே பண்ணல' என்று வீட்டார் சந்தோஷப்படும் குழந்தையைத்தான் அனுபவமுள்ள செவிலி முதலில் போய்த் தொட்டுப் பார்ப்பார்.

வெப்பத்துக்கும் உயிருக்கும் இருக்கும் இந்த உறவு வெறும் ஊகம் அல்ல. நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மேன் என்ற குழந்தை மருத்துவர் 1958-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குறைமாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவின் இன்குபேட்டரை மற்றதைவிடச் சில டிகிரி மட்டும் வெதுவெதுப்பாக வைத்தார். வேறு எந்த மாற்றமும் இல்லை. குளிர்ந்த பிரிவில் பிழைத்தவை 68 சதவீதம். வெதுவெதுப்பான பிரிவில் 83 சதவீதத்துக்கும் மேல். மருந்து எதுவும் கொடுக்காமல், காற்றின் சூட்டை மட்டும் மாற்றி இத்தனை உயிர்களைக் காக்க முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2007-ல், அமெரிக்காவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளைக் கணக்கெடுத்தபோதும் அதே செய்திதான். வார்டுக்குள் நுழையும்போது உடல் வெப்பம் ஒவ்வொரு டிகிரி குறைவதற்கும், இறக்கும் வாய்ப்பு 28 சதவீதம் கூடியிருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 36.5 முதல் 37.5 டிகிரி வரை இயல்பு. 36-க்கும் 36.4-க்கும் நடுவே குழந்தை குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது. 36-க்குக் கீழே போனால் தோற்கத் தொடங்கிவிட்டது. 32-க்குக் கீழே மிகப் பெரிய ஆபத்து. இந்த எல்லைகளை அறிய வெப்பமானி வேண்டும் என்பதில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மெஹர்பான் சிங் குழுவினர் 1992-ல் வெளியிட்ட ஆய்வு, கையால் தொட்டே பச்சிளம் குழந்தையின் சூட்டை நம்பகமாக மதிப்பிடலாம் என்று காட்டியது. இன்று நாடெங்கும் செவிலியர் பயிற்சியில் அது இடம் பெற்றிருக்கிறது. முறை இதுதான்: கையை நன்றாகத் துடைத்துச் சூடாக்கிக்கொண்டு, புறங்கையால் முதலில் குழந்தையின் வயிற்றையும் பிறகு பாதத்தையும் தொட வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் நலம். வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லென்றால் குழந்தை தன் சேமிப்பைச் செலவழிக்கத் தொடங்கிவிட்டது. கை கால்களின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து நெஞ்சையும் மூளையையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சில்லென்றால் காத்திருக்க நேரமில்லை.

பெங்களூர் அரசு மருத்துவமனையின் பிரசவத்துக்குப் பிந்திய வார்டில் இந்தச் சோதனை நாள் முழுக்க நடக்கும். கட்டிலுக்குக் கட்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று மொழி மாறும். சிஸ்டர் கேரளத்துக்காரராக இருப்பார்; ஆனால் 'ஹாலு கொட்ரா?' என்று ஒரு கட்டிலில் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலில் 'பால் குடிச்சுதா மா?' என்பார். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாட்டி, "நெத்தி சூடாத்தானே இருக்கு சிஸ்டர்?" என்று நிம்மதியாகச் சொல்வார். "நெத்தி வேணாம் பாட்டி, காலையும் வயித்தையும் தொட்டுப் பாருங்க" என்று சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவார். அந்த அரை நிமிடத்தில் ஓர் அறிவியல் கருவி கைமாறிவிடுகிறது.

ஆனால் இரவில்? வார்டு முழுவதற்கும் ஒருவரோ இருவரோதான் பணியில் இருப்பார்கள். ஒருமுறை சுற்றி வந்தால் அடுத்த சுற்றுக்குள் மணிகள் கடந்துவிடும். இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 18 சதவீதம் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான எடை. குறைந்த எடைக் குழந்தை குளிர்வதற்கு ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைப்பட்ட நேரம் தாராளம். இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்ற கேள்விக்கு உலகில் சொல்லப்பட்ட விடைகளில் இரண்டு பெங்களூரில் வளர்ந்தவை.

முதலாவது, எம்ப்ரேஸ். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஒரு வகுப்புப் பணியாகத் தொடங்கியது. ஜேன் சென், ராகுல் பணிக்கர், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி ஆகிய நால்வர், மின்சாரம் நிலையாக இல்லாத இடங்களுக்கு ஏற்ற மலிவான சூடேற்றி ஒன்றை உருவாக்க முனைந்தார்கள். பிறகு பெங்களூருக்கே இடம் பெயர்ந்து வேலை செய்தார்கள். குழந்தை படுக்கும் சிறு பைக்குள், மெழுகு போன்ற பொருள் நிரம்பிய உறை ஒன்றை வைப்பார்கள். அந்தப் பொருள் 37 டிகிரியை ஒட்டி உருகும், உறையும். உருகியது உறையும்போது தான் வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தரும். உறைந்து முடியும்வரை வெப்பநிலை ஏறாது, இறங்காது. பள்ளியில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்த பாடம்தான். ஒருமுறை சூடாக்கினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் கம்பியில்லாமல், மின்சாரமில்லாமல் குழந்தை வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் நேரத்துக்கு இது பெரிய துணை.

இரண்டாவது, பெம்பு. ராதுல் நரைன் என்ற பொறியாளர் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் கைவளை. குழந்தையின் மணிக்கட்டில் கட்டிவிட வேண்டும். உள்பக்கம் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் உணரி வெப்பத்தை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சரியென்றால் சிறு நீல விளக்கு அவ்வப்போது மினுங்கும். சூடு இறங்கினால் ஆரஞ்சு விளக்கு எரிந்து, பீப் ஒலி எழும். ஏறத்தாழ ஒரு மாதம் வேலை செய்யும், ஆபத்து மிகுந்த முதல் நான்கு வாரங்களுக்குப் போதும். 2017-ன் சிறந்த கண்டுபிடிப்புகளின் பட்டியலில் டைம் இதழ் இதைச் சேர்த்தது.

இந்த வளையில் என்னை மிகவும் ஈர்த்தது அதன் மின்னணு அல்ல. ஒலி கேட்டதும் தாய் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதன் வழிகாட்டுதல் சொல்லும் விடை: குழந்தையை எடுத்து உங்கள் வெற்று மார்பில் தோலோடு தோலாக அணைத்துக்கொள்ளுங்கள், மேலே போர்வையால் மூடுங்கள். கருவி செய்வது காவல் மட்டும்தான். சூட்டைத் தருவது தாயின் உடம்பு.

இந்த அணைப்புக்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் எட்கர் ரேய் சனாப்ரியா, எக்டர் மார்ட்டினஸ் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிவைத்தது. அங்கே இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தியதால் நோய்த்தொற்று பரவியது. குழந்தைகளைத் தாய்மார்களின் மார்போடு கட்டிவிட்டார்கள். வெகுகாலம் உலகம் இதை ஏழைகளின் இன்குபேட்டர் என்றே நினைத்தது. அந்த எண்ணம் தவறு என்று காட்டியதில் இந்திய ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இரண்டு கிலோவுக்குக் குறைவான 206 குழந்தைகளிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 24 கிராம் எடை கூடின. வழக்கமான முறையில் வளர்ந்தவை 16 கிராமுக்கும் குறைவாகவே கூடின. சூட்டுக்காகச் செலவழிக்காத சக்தி சதையாகச் சேர்ந்திருந்தது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான சுமன் ராவ் பின்னர் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பச்சிளம் குழந்தைகள் துறையில் பணியாற்றினார்.

செயின்ட் ஜான்ஸ் குழு இந்த முறையைப் பெங்களூரின் பெரிய மருத்துவமனையோடு நிறுத்திவிடவில்லை. வட கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டத்துக்கு எடுத்துச் சென்றது. உலக சுகாதார நிறுவனம் இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் நடத்திய பெரிய முயற்சியின் ஒரு பகுதி அது. 'இது நல்லதா?' என்பது அவர்களின் கேள்வியாக இல்லை. நல்லது என்று தெரிந்தும் ஒரு மாவட்டத்தில் இரண்டு கிலோவுக்குக் குறைவான எல்லாக் குழந்தைகளுக்கும் ஏன் கிடைப்பதில்லை என்பதுதான் கேள்வி. தடைகளைத் தேடிப் போனால் எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்: சாய்ந்து உட்கார நாற்காலி இல்லை, மறைப்புத் திரை இல்லை, தாய்க்கு வார்டில் சாப்பாடு இல்லை, குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது தாய்க்கு உள்ளே இடமே இல்லை, செவிலிக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை. ஒரு குழந்தை குளிர்ந்து இறப்பதற்கும் ஒரு நாற்காலிக்கும் தொடர்பு உண்டு என்பதை ஏற்க மனம் கஷ்டப்படுகிறது. ஆனால் உண்டு. தடைகளை ஒவ்வொன்றாக அகற்றிய பிறகு, அந்த ஆய்வுப் பகுதிகளில் தகுதியுள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்தப் பராமரிப்பு போய்ச் சேர்ந்தது.

2021-ல் வந்த இன்னொரு முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. அதுவரை, குழந்தையின் உடல்நிலை சீரான பிறகுதான் மார்பில் வைக்க வேண்டும் என்பது விதி. சீராவதற்குச் சராசரியாகச் சில நாட்கள் ஆகும். சாவுகளில் பெரும்பகுதி அந்த நாட்களில்தான் நடக்கும். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குப் பிறந்த உடனேயே அணைப்பைத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவை 12 சதவீதம். பழைய முறையில் 15.7 சதவீதம். நான்கில் ஒரு சாவு குறைந்திருந்தது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருக்க, மற்றக் குழந்தைகளுக்கு இதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது: குறைமாத, குறைந்த எடைக் குழந்தைகளுக்குப் பிறந்தது முதல், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை.

குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது தாயை மறந்துவிடுவது எளிது. வீட்டில் நடப்பதும் அதுதான். குழந்தை பிறந்ததும் சொந்தக்காரர்களின் கண்கள் எல்லாம் தொட்டிலுக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில்தான் பெற்றவள் உயிருக்கான மிகப் பெரிய ஆபத்தைக் கடந்துகொண்டிருப்பாள்.

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்தக் குழாய்களின் வாய்கள் திறந்தபடி இருக்கும். அவற்றை அடைப்பது கருப்பையின் தசைதான். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தசைநார்கள் சுருங்கி, நடுவில் ஓடும் குழாய்களை நெரித்து மூடிவிடும். தசை சுருங்காமல் தளர்ந்துகிடந்தால், திடமான ஒரு பெண்ணின் உயிர்கூட இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எனவேதான் பிரசவத்துக்குப் பிந்திய இரண்டு மணி நேரம் வரை செவிலி கால்மணிக்கு ஒருமுறை வந்து தொப்புளுக்குக் கீழே கை வைத்து அழுத்திப் பார்க்கிறார். கருப்பை கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாக உருண்டிருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் அங்கேயே தேய்த்துவிட்டுச் சுருங்கவைப்பார், மருத்துவரைக் கூப்பிடுவார். 'ஏன் சிஸ்டர் இப்படி அமுக்குறீங்க, வலிக்குது' என்று சலித்துக்கொண்ட தாய்மார்கள் ஏராளம். அந்த வலி ஏன் என்று முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்வதும் பராமரிப்பில் சேர்த்திதான். அது எல்லா வார்டிலும் நடப்பதில்லை.

எவ்வளவு இரத்தம் போனால் ஆபத்து? 500 மில்லிக்கு மேல் என்பது வெகுநாள் வரையறை. ஆனால் கட்டில் விரிப்பில் பரவிய இரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொல்வது யாருக்கும் எளிதல்ல. இந்தக் குறையைத் தீர்க்கக் கர்நாடகத்தின் இன்னொரு முனையான பெளகாவியிலிருந்து ஓர் எளிய பொருள் வந்தது. அங்குள்ள ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், அமெரிக்கக் கூட்டாளிகளோடு சேர்ந்து, தாயின் கீழே விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்தினார்கள். அதன் நுனி புனல் வடிவில் ஒரு பையாக முடியும். பையில் மில்லி அளவுக் கோடுகள். இரத்தம் வழிந்து பையில் சேரும், கோட்டைப் பார்த்தால் அளவு தெரியும். ஒப்பிட்டுப் பார்த்தபோது, கண்மதிப்பில் சொன்ன அளவு உண்மையான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

அந்த விரிப்பைக்கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வு 2006-ல் லான்செட் இதழில் வந்தது. கிராமங்களில் துணைச் செவிலியர் பார்த்த 1,620 பிரசவங்கள். குளிர்பெட்டி தேவைப்படாத மிசோபிரோஸ்டால் மாத்திரையைக் குழந்தை பிறந்ததும் ஒரு பிரிவினருக்குக் கொடுத்தார்கள். பெரும் இரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. உயிரைப் பறிக்கும் அளவிலான போக்கு 1.2 சதவீதத்திலிருந்து 0.2 ஆகக் குறைந்தது. மருத்துவர் இல்லாத இடத்தில், ஒரு துணைச் செவிலியின் கையால் நடந்த மாற்றம் இது. அந்த வகை அளவுவிரிப்பை மையமாக வைத்து, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு, இரத்தப்போக்கை உடனே கண்டுபிடித்து எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கினால் கடும் விளைவுகள் 60 சதவீதம் குறையும் என்று 2023-ல் அறிவித்தது. 2018-20 கணக்கின்படி, உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குக் கர்நாடகத்தில் 69 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. இந்த எண்கள் இன்னும் கீழே வர, முதல் இரண்டு மணி நேரத்தில் கட்டிலருகே நிற்க ஒரு ஆள் வேண்டும்.

இனி வீட்டைப் பார்ப்போம். கன்னட வீடுகளில் பிள்ளை பெற்றவளான பாணந்திக்குத் தனி அறை, காதை மூடிய பருத்தித் துணி, சாம்பிராணிப் புகை, சுடச்சுடத் தண்ணீர். நம் வீடுகளிலும் பச்சை உடம்புக்காரிக்கு நடப்பது கிட்டத்தட்ட இதேதான். குளிரிலிருந்து காக்க வேண்டும் என்று நம் பாட்டிமார்கள் நினைத்தது முற்றிலும் சரி; அறிவியல் அதைத்தான் வேறு வழியில் கண்டடைந்தது. ஆனால் அதே வீட்டில் பிறந்த அன்றே குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம். தோலின் மேலிருக்கும் வெண்மாவு கிருமியைத் தடுத்து, தோல் வறண்டுபோகாமல் காக்கும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஈர உடம்போடு காற்றில் வைக்கிறோம். குறைந்தது 24 மணி நேரம் குளியல் வேண்டாம் என்பது இன்றைய பரிந்துரை. புகை பச்சிளம் நுரையீரலுக்கு ஆகாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவதும், நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு சேனை வைப்பதும், பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதும் விடவேண்டியவை. தொப்புள்கொடிக்கு எதையும் பூச வேண்டாம். உலர்ந்திருந்தால் தானே விழும்.

இதை யார் சொன்னால் வீடு கேட்கும்? மருத்துவர் இரண்டு நிமிடம் வந்து போகிறார். செவிலி சொன்னால் கேட்பார்கள், அதிலும் பாட்டியை உட்காரவைத்துச் சொன்னால் கட்டாயம் கேட்பார்கள். பெங்களூரின் நாராயணா மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை நோயாளிகளின் உறவினர்களுக்கு வீட்டுப் பராமரிப்பைக் கற்றுத்தர ஆரம்பித்தது நூரா ஹெல்த் என்ற அமைப்பு. அது பிறகு அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளுக்கும் விரிந்தது. செவிலி ஒரு பொம்மையை எடுத்துக் கட்டில்களுக்கு நடுவே நின்று, எப்படி அணைப்பது, எப்படிப் பால் கொடுப்பது, எந்த அறிகுறி கண்டால் திரும்பி ஓடி வருவது என்று குடும்பத்துக்கே பாடம் எடுக்கிறார். மாமியாரும் கணவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். கங்காரு அணைப்பைத் தகப்பனும் தரலாம் என்று அங்கேதான் பல ஆண்கள் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள்.

சாதாரணப் பிரசவத்துக்குப் பிறகு 48 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பது 2011-ல் தொடங்கிய ஜனனி-சிசு சுரக்ஷா திட்டத்தின் எண்ணம். பிறகு ஆஷா என்னும் சமூக சுகாதாரப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் வீட்டுக்கு வந்து குழந்தையின் எடையும் சூடும் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பச்சிளம் சாவுகளை 62 சதவீதம் குறைத்ததை 1999-ல் லான்செட்டில் வெளியிட்டார்கள். இந்த வீட்டுவருகைகளுக்கு அதுவே வித்து. கிராமத்தில் ஓரளவு நடக்கும் இது, பெங்களூர் போன்ற நகரத்தில் கைநழுவிப் போகிறது. கட்டட வேலைக்கு வந்த குடும்பம் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், 1935-லிருந்து இயங்கும் வாணி விலாஸ் மருத்துவமனையில் பெற்றெடுத்துவிட்டு, நகரத்தின் மறுமுனையில் தகரக் கொட்டகைக்குத் திரும்புகிறது. அந்தக் கொட்டகை எந்த ஆஷாவின் பட்டியலிலும் இல்லை. அடுத்த மாதம் கட்டடம் முடிந்தால் அவர்கள் வேறு இடம். ஜனவரி இரவில் தகரத்துக்குக் கீழே என்ன வெப்பம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குழந்தைகளின் முதல் மாதச் சாவுகளில் முக்கால்வாசி முதல் வாரத்திலேயே நடப்பவை. அந்த வாரத்தில் இக்குடும்பங்களுக்கு வாசலில் வந்து நிற்க ஒரு செவிலி வேண்டும்.

பிறந்த உடனேயே அணைப்பைத் தொடங்கிய அந்த 2021 ஆய்வு கேட்கும் மாற்றத்துக்கும் ஆள் வேண்டும், இடமும் வேண்டும். பிறந்த நொடியிலிருந்து குழந்தை தாயின் மார்பில் இருக்க வேண்டுமென்றால், பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கும் கட்டில் போட வேண்டும். தையல் போட்ட வயிற்றோடு படுத்திருக்கும் தாயையும், மார்பில் ஒன்றரைக் கிலோவோடு மூச்சுவிடும் குழந்தையையும் ஒரே அறையில் ஒரே செவிலியர் குழு பார்க்க வேண்டும். பிரசவத் துறையும் குழந்தைகள் துறையும் தனித்தனி மாடிகளில், தனித்தனிப் பதிவேடுகளோடு இயங்கும் நம் மருத்துவமனைகளில் இது சுவரை இடிக்கும் வேலை. அந்த ஆய்வில் பங்குபெற்ற மருத்துவமனைகள் அப்படித்தான் தங்கள் வார்டுகளை மாற்றிக் கட்டின. பழைய முறைப் பிரிவின் குழந்தைகள் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் தாயின் தோலைத் தொட்டுக்கொண்டிருக்க, அந்த வார்டுகளின் குழந்தைகள் ஏறத்தாழ 17 மணி நேரம் தொட்டுக்கொண்டிருந்தன.